அறுபது நெல்லிக்கு ஒரு வழி

காலை ஆறு மணி இருக்கும். ஒரு கையில் ஈரத்துணியும் இன்னொரு கையில் சமையலறைக் கத்தியுமாக வரப்பில் குந்தியிருந்தேன். எதிரே முழங்கால் உயரத்தில் அறுத்துவிடப்பட்ட ஒரு நெல்லிக் கட்டை. அதைச் சுற்றி யாரோ கருவேல முள்ளை வளைத்துக் கட்டியிருந்தார்கள். முள்ளுக்குள்ளே, கட்டையின் பட்டையைப் பிளந்துகொண்டு கிளம்பிய ஏழெட்டுத் துளிர்கள் ஓர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காற்றில் அசைந்துகொண்டு நின்றன.

சேலை முள்ளில் மாட்டிக்கொண்டது. மாட்டினால் மாட்டட்டும் என்று ஒரு குச்சியை எட்டிப் பிடித்துக் கத்தியை வைத்தேன்.

"இன்னா ரைட்டரம்மா, உன் மரந்தானே? இன்னாத்துக்குப் பூனை மாதிரி வந்து குந்திக்கினு கீறே?"

திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. ஞானம்மா.

"சும்மா... பாத்துக்கினு இருந்தேன்" என்றேன்.

"கத்தி வச்சிக்கினா?"

என் ஐம்பத்தெட்டு வயதில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு முழி முழித்ததில்லை. சட்டப்படி அந்தக் கட்டை என்னுடையது. அது நின்ற மண் என்னுடையது. என் சொத்தில் நானே திருட வந்து பிடிபட்டிருந்தேன். எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

இல்லாத மரங்களுக்கு வடக்கே

இதுவரை இந்தப் பக்கங்களில் அடுத்தவர் நிலங்களின் கதையையே எழுதி வந்தேன். உத்திரமேரூரில் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவளுக்கு வேறென்ன தெரியும்? "உங்களுக்குன்னு நிலம் இல்லையா மேடம்?" என்று ஒரு வாசகர் போன வாரம் கேட்டிருந்தார். இருக்கிறது. சாலவாக்கம் போகிற சாலையில் எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே, அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கர். அதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் சொல்லவில்லை.

பத்திரத்தில் மரம் ஒரு வேடிக்கையான ஜீவன். 'புளிய மரத்துக்கு வடக்கு, பனை வரிசைக்குக் கிழக்கு' என்று எல்லை எழுதியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் புளிய மரம் விழுந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். பனை செங்கல் சூளைக்குப் போயிருக்கும். ஆனாலும் காகிதத்தில் அவை நின்றுகொண்டே இருக்கும். நானும் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே அடித்துவிடுவேன். இல்லாத மரங்களுக்கு வடக்கே எத்தனையோ பேரைக் குடிவைத்தவள் நான்.

நிலத்தோடு சேர்ந்து கைமாறுகிற மரங்களுக்கும் அவற்றின் பலனுக்கும் 'மாவடை மரவடை' என்று ஒரு சொல் உண்டு. ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். ஒரு மரத்தை எப்படிக் காய்க்க வைப்பது என்று மட்டும் தெரியாது.

அறுபதுக்கும் ஒரே முகம்

என் வீட்டுக்காரர் குமரேசன் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, "நெல்லு வாணாம். ஆளு கெடைக்கல. நெல்லி வெப்போம். வெச்சிட்டா அது பாட்டுக்குக் காய்க்கும்" என்றார்.

அது பாட்டுக்கு என்ற அந்த வார்த்தையை நம்பித்தான் இறங்கினோம். ஒரு நர்சரியிலிருந்து மினி வேனில் அறுபது ஒட்டுக்கன்றுகள் வந்தன. பெரிய காய் ரகம் என்றார்கள். சொட்டுநீர்க் குழாய் இழுத்தோம். கன்றுகள் மளமளவென்று வளர்ந்தன. நாலாம் வருஷம் மாசியில் பூத்தபோது தோட்டம் முழுக்கத் தேனீ ரீங்காரம். குச்சி குச்சியாக வெளிர் மஞ்சள் பூ. குமரேசன் வாட்ஸாப்பில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார்.

பூ உதிர்ந்தது. அவ்வளவுதான். காய் இல்லை.

முற்றிலும் இல்லை என்று சொல்லக் கூடாது. மேற்கு வரப்பை ஒட்டிய முதல் வரிசையில் மட்டும் ஆறேழு மரங்கள் சுமாராகக் காய்த்தன. மற்ற வரிசைகள் இலையும் தழையுமாக, கல்யாண வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் பட்டுச்சேலை சரசரக்க வளைய வருகிற பெண்களைப் போல நின்றன. அந்த வரிசைக்கு வரப்பு ஈரம் கிடைக்கிறது, அதனால்தான் காய்க்கிறது என்று நாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம்.

ஐந்தாம் வருஷமும் அதே கதை. ஊரில் யோசனைக்குப் பஞ்சமா? ஒருவர் மோர் தெளி என்றார். ஒருவர் வேரில் உப்புப் போடு என்றார். அடிமரத்தில் ஆணி அடித்தால் பயந்துபோய்க் காய்க்கும் என்றார் ஒருவர். காய்க்காத மரத்தைத் துடைப்பத்தால் அடித்துச் செருப்பைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நான் அடிக்க, "உட்டுடும்மே, அடுத்த வருசம் காய்க்கும்" என்று குமரேசன் மரத்துக்காகப் பரிந்து பேச வேண்டும். பேசினார். சாலையில் போன டவுன் பஸ் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டு போனது. அறுபது மரத்துக்கும் செருப்புக்கு எங்கே போவது? பத்து மரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

இதற்கு நடுவே பிளாட் போடுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். "காய்க்காத மரத்த வச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போறீங்க?" குமரேசனும் மெல்ல அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தார். எனக்கு மட்டும் மனசு வரவில்லை. அப்பா நிலம் என்பதனால் இல்லை. என்னால் ஒரு மரத்தைக் காய்க்க வைக்க முடியவில்லையே என்கிற வீம்பு.

வரப்பு மரம்

இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

எங்கள் நிலத்துக்குப் பின்னால் ஞானம்மாவுக்கு நாற்பது சென்ட் இருக்கிறது. அவளும் அவள் வீட்டுக்காரரும் எங்கள் அப்பாவின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த நாற்பது சென்ட், நிலமில்லாதவர்களுக்கு என்று அரசாங்கம் கொடுத்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் தனியாக நெல் வைக்கிறாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆனால் நான் அவளை நீ என்றுதான் பேசுவேன். எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான் பேசினோம்.

இரண்டு நிலத்துக்கும் நடுவே மேற்கு வரப்பில் ஒரு நாட்டு நெல்லி. எப்போதோ யாரோ துப்பிய கொட்டையில் முளைத்ததை ஆட்டுக்கு எட்டாமல் பார்த்து வளர்த்தது ஞானம்மா. சின்னக் காய், துவர்ப்பு அதிகம். யாரும் அதற்கு உரம் போட்டதில்லை, மோர் தெளித்ததில்லை, செருப்புக் கட்டியதில்லை. ஆனால் கார்த்திகை வந்தால் இலை தெரியாமல் காய்க்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்பாள்.

ஒவ்வொரு நாளும் என் அறுபது மலட்டு மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்த ஒற்றை மரம் கண்ணில் படும். வயிறு எரியும். வெளியே சொன்ன காரணம் வேறு: நிழல் என் முதல் வரிசையில் விழுகிறது, காய் பறிக்க வருகிறவர்கள் சொட்டுநீர்க் குழாயை மிதிக்கிறார்கள். உள்ளே இருந்தது பொறாமை.

சர்வேயரை வரவழைத்து அளந்தேன். மரம் என் எல்லைக்குள் முக்கால் அடி. போதாதா? அடுத்த வாரமே மெஷின் ரம்பத்தோடு இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். அது தை மாசம். பாதிக் காய் இன்னும் மரத்தில் இருந்தது.

ஞானம்மா சண்டை போடவில்லை. தன் பக்கத்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் சாய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மரம் உன் எடத்துல கீதுன்னு அளந்துட்டாங்கோ. சரி, உன்னுது. அத்தோட நெயலு இத்தினி வருசமா என் எடத்துலயும் வுழுந்துச்சே, அத்த எந்தப் பத்திரத்துல எழுதுவே?"

நான் ஆட்களிடம் திரும்பி, கிளைகளை வண்டியில் ஏற்றச் சொன்னேன். உதிர்ந்த காய்களை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

முத்துச்செல்வி கேட்ட கேள்வி

மறு வருஷம் முதல் வரிசையும் காய்க்கவில்லை. ஒரு காய்கூட.

நிழல் போனால் இன்னும் அதிகமாகக் காய்க்க வேண்டுமே? வரப்பு ஈரம் அப்படியேதானே இருக்கிறது? எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. குமரேசன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இந்த ஆடிக்குள்ள ஜேசிபி வச்சி எடுத்துடலாம். இன்னாத்துக்குப் பேஜாரு?"

அந்த ஆனியில்தான் தோட்டக்கலைத் துறையிலிருந்து சொட்டுநீர்க் குழாயைப் பார்வையிட ஒரு பெண் வந்தாள். பெயர் முத்துச்செல்வி. தென்காசிப் பக்கம். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கிளையை வளைத்துப் பார்த்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். நாலைந்து மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த செருப்பைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"மரத்துல ஒரு சீக்கும் இல்லையேக்கா. ஏன் காய்க்க மாட்டேங்குன்னு சொல்லுதீங்க?"

சொன்னோம். மோர், உப்பு, ஆணி எல்லாவற்றையும் சொன்னோம்.

"அறுபதும் ஒரே ரகமா?"

"ஆமா. ஒரே நர்சரி, ஒரே வேன்."

"அதாங்க்கா விஷயம். இந்த நெல்லிக்குத் தன் ரகத்து மகரந்தம் சரியாச் சேராது. வேற ரகத்துப் பூவுலருந்து காத்தோ தேனீயோ கொண்டாந்து சேக்கணும். பத்து மரத்துக்கு ஒண்ணாவது வேற சாதி நிக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா மொத வரிசை மட்டும் முன்னாடி காச்சதுன்னு சொல்லுதீங்க. பக்கத்துல வேற நெல்லி ஏதும் நின்னுச்சா?"

குமரேசன் கையைத் தூக்கி மேற்கு வரப்பைக் காட்டினார்.

"அத யாருக்கா வெட்டுனது?"

கம்பியில் கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதுபோல் குமரேசன் வானத்தைப் பார்த்தார்.

பிறகு அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். புதிதாக வேறு ரகக் கன்று வைத்தால் பூக்க நாலைந்து வருஷம் ஆகும். சீக்கிரம் வேண்டுமென்றால் இங்கேயே நன்றாகக் காய்த்த மரத்தின் குச்சிகளை வாங்கி, இருக்கிற மரங்களின் கிளைகளில் ஒட்டுக் கட்டிவிடலாம். அங்கங்கே ஒரு மரத்தில் ஒரு கிளை போதும். பூக்கிற சமயத்தில் தண்ணீரை நிறுத்த வேண்டும். அறுவடை முடிந்ததும் உள்ளே நெருக்கமாக இருக்கிற கிளைகளைக் கழித்துவிட வேண்டும்.

ஸ்கூட்டியில் ஏறியவள் திரும்பி, "செருப்ப அவுத்துருங்க்கா, பாவம்" என்றாள்.

மரத்தை வெட்டிய நாளிலிருந்து அந்த வரப்புப் பக்கமே நான் போகவில்லை. அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தபோதுதான் அறுத்த கட்டை துளிர்த்திருப்பதைக் கண்டேன். முள் கட்டியிருந்தது யார் என்று கேட்கத் தேவை இல்லை. வெயில் காலத்தில் தண்ணீரும் ஊற்றியிருக்கிறாள், மண் சொன்னது. அவளிடம் போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. அதனால்தான் மறுநாள் விடியலில் கத்தியோடு போனேன்.

வரப்பில் ஒரு பேரம்

இனி அந்தக் காலை ஆறு மணிக்கே வருகிறேன்.

ஞானம்மா முள்ளில் மாட்டிய என் சேலையைப் பதமாக எடுத்துவிட்டாள். பிறகு என் எதிரே வரப்பில் உட்கார்ந்தாள். அவள் வயலுக்குத் தண்ணீர் பார்க்க வந்திருந்தாள் போலும், காலெல்லாம் சேறு.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. முத்துச்செல்வி சொன்னதையெல்லாம் சொன்னேன். உன் மரத்தால்தான் என் முதல் வரிசை காய்த்தது என்பதையும் சொன்னேன். அவள் கட்டையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். பழி தீர்ந்த சிரிப்பு இல்லை அது. உண்மையிலேயே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"அறுவது மரத்துக்கும் ஒரே மாப்பிள்ளை. அவனையும் நீயே வெட்டிட்டே."

நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

"எத்தினி குச்சி வேணும்?"

"இருபது இருந்தா போதும்."

"யாரு கட்டப் போறது?"

"யூடியூப்ல பாத்தேன்..."

என் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கட்டை விரலால் கூர் பார்த்தாள். "இத்துலயா? இத்துல வெங்காயம்கூட ஒயுங்கா அரியாது. நான் எட்டு வருசம் செங்கல்பட்டு ரோட்டு நர்சரியில மாங்கன்னு ஒட்டுக் கட்டினவ. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தும் தெரியாது.

"அப்ப நீயே கட்டிக் குடு, ஞானம்மா. கூலி இன்னா சொல்றியோ..."

"கூலி வாணாம். வழி வேணும்."

அவள் நிலத்துக்கு வழி கிடையாது. முன்னால் எங்கள் நிலம், மற்ற பக்கங்களில் வாய்க்காலும் வேறு பட்டாக்களும். டிராக்டர் போகாது, அறுப்பு மெஷின் போகாது. சுற்றிலும் எல்லோரும் மெஷின் வைத்து ஒரே மணி நேரத்தில் அறுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஆள் பிடித்து அறுத்து, கட்டு கட்டாகத் தலையில் சுமந்து ஏரிக்கரையைச் சுற்றி ரோட்டுக்குக் கொண்டு வருவாள். அதை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

"உங்க நைனா கையில எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. 'பாக்கலாம், பாக்கலாம்'னாரு. பாத்துக்கினே பூட்டாரு" என்றாள். "நீ அப்பிடிச் சொல்லாதே. ஒண்ணு செய்யலாம். ஒட்டு நான் கட்றேன். காய் வந்தா வழி எழுதிக் குடு. வரலன்னா வாணாம்."

"எழுதி வச்சிக்கலாமா?" என்றேன், தொழில் புத்தியில்.

"வாணாம். வாயால சொல்லு. உன் வாயும் கையும் ஒண்ணான்னு பாத்துக்கலாம்."

சொன்னேன். வீட்டுக்கு வந்து குமரேசனிடமும் சொன்னேன். ஜேசிபிக்குப் பேசியிருந்ததை அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடுகும் கோலியும்

ஆடியில் இரண்டு மழை விழுந்ததும் ஞானம்மா வந்தாள். அவளே தீட்டிய சின்னக் கத்தி, பிளாஸ்டிக் நாடா, ஐஸ் விற்கிற நீளப் பைகள். இதுதான் அவள் சாமான். என் மரத்தின் கிளை நுனியை வெட்டி, நடுவில் பிளந்து, தன் மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி அதில் சொருகினாள். நாடாவை இழுத்துச் சுற்றினாள். மேலே பையை மாட்டிக் கட்டினாள். ஒரு ஒட்டுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பட்டையும் பட்டையும் தொடணும். ஒரு பக்கமாச்சும் தொட்டுக்கினு இருந்தா போதும். ரெண்டும் வெலகி நின்னா ஒட்டாது" என்று ஒரு தடவை சொன்னாள்.

இருபதில் பதினாலு பிடித்தது. பைக்குள்ளே பச்சை முளை தெரிந்த அன்று குமரேசன் மறுபடியும் வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். முதல் மாசியில் ஒட்டுக் கிளைகளில் பெயருக்கு நாலு பூ. அடுத்த மாசியில்தான் நன்றாகப் பூத்தன. நாங்கள் மோட்டாரை நிறுத்தினோம். தேனீக்கள் இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் ஓடிக்கொண்டிருந்தன.

பங்குனியில் பூ உதிர்ந்தது. போய்ப் பார்த்தால் காய் இல்லை. சித்திரையில் பார்த்தேன், இல்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. ஞானம்மா கேட்டாலும் பரவாயில்லை, அவள் ஒன்றும் கேட்காமல் தினமும் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அதுதான் தாங்கவில்லை. முத்துச்செல்விக்குப் போன் போட்டேன்.

"பூ உதுந்த எடத்துல உத்துப் பாருங்கக்கா. கடுகு மாதிரி இருக்கா?"

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருந்தது. குச்சியோடு ஒட்டிக்கொண்டு, கடுகைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாக.

"அதான் காய். மழை விழுறவரைக்கும் அப்படியே தூங்கும். எழுப்பாதீங்க."

ஆடி பிறந்து மழை பெய்தது. கடுகு மிளகானது. மிளகு சுண்டைக்காயானது. ஆவணியில் கோலிக்குண்டு. ஐப்பசி மழையில் கிளைகள் வளைந்து தரையைத் தொட ஆரம்பிக்கவும், சவுக்குக் கொம்புகளை முட்டுக் கொடுக்கக் குமரேசன் ஓடிக்கொண்டே இருந்தார். அப்படியும் இரண்டு கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்தன. முறிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? பாரத்தால் முறிகிற அளவுக்கு என் மரம் காய்த்துவிட்டதே!

கார்த்திகைக் கடைசியில் காஞ்சிபுரத்து வியாபாரி ஆட்களோடு வந்து பறித்தார். கடைசி வரிசை வரைக்கும் காய். பளபளவென்று, பச்சையும் மஞ்சளும் கலந்த பெரிய காய். ஒட்டுக் கிளைகளில் மட்டும் அதே பழைய துவர்ப்பான சின்னக் காய். அதைப் பறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞானம்மா கூடையோடு வந்து தானே பறித்துக்கொண்டாள். வழியைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வார்த்தை

தை பிறந்ததும் பத்திரத்தை டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

பாதை விடுவதில் இரண்டு தினுசு உண்டு. 'ஆள் நடக்க' என்று எழுதினால் மூன்றடியில் முடிந்துவிடும். 'வண்டி வாகனம் போக வர' என்று எழுதினால் பன்னிரண்டு அடி, தெற்கு ஓரத்தில் ஐந்து மரம் போகும். காய்த்துக் குலுங்கிய ஐந்து மரம். நான் அடித்தது முதலாவதைத்தான். வேண்டுமென்று அடிக்கவில்லை, கை பாட்டுக்கு அடித்தது என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். வழி என்றுதானே கேட்டாள், இதுவும் வழிதானே என்று உள்ளே ஒரு குரல். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன எழுதினாலும் அதுதான் எழுத்து.

திரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. குமரேசன் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, தோள் வழியாகப் படித்தார். வைத்த டீ டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அழித்தேன். 'வண்டி, வாகனம், டிராக்டர், அறுவடை இயந்திரம் போக வர' என்று அடித்தேன். அந்த வாரமே அந்த ஐந்து மரத்தையும் எடுத்தோம்.

பதிவுக்கு முதல் நாள், நான் பத்திரம் எழுதும் கடைக்கு ஞானம்மா வந்தாள். "படி, கேக்கறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆரம்பத்திலிருந்து படித்தேன். அளவு வந்தபோது தலையை ஆட்டினாள். அறுவடை இயந்திரம் என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். எதற்காகப் பாதை விடுகிறேன் என்ற காரணம் வந்தது. வழக்கப்படி 'அண்டை நிலத்தார் என்ற அன்பினாலும் நல்லெண்ணத்தினாலும்' என்று போட்டிருந்தேன்.

"நிறுத்து. அன்பா? எங்கேர்ந்து வந்துச்சி?"

"பத்திரத்துல அப்படித்தான் எழுதுவாங்க, ஞானம்மா."

"பொய் எழுதாதே. மரத்த வெட்டினேன், அதுக்குன்னு எழுது."

"அதெல்லாம் பத்திரத்துல எழுத மாட்டாங்க."

"நீ எழுதுவே."

அன்பு, நல்லெண்ணம் என்று இதுவரை எத்தனை ஆயிரம் பேருக்கு அடித்திருப்பேன். ஒருத்தர்கூட எங்கேர்ந்து வந்தது என்று கேட்டதில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு எழுதினேன்: 'மேற்படி ஞானம்மாள் அவர்கள் வளர்த்து வந்து, என்னால் வெட்டப்பட்ட ஒரு நெல்லி மரத்தின் பொருட்டும், அதற்குப் பின்னிட்டு என் தோட்டத்தில் அவர்கள் கட்டிக் கொடுத்த ஒட்டுகளின் பொருட்டும்...'

படித்துக் காட்டினேன். "ஊம். இப்ப சரி" என்று எழுந்தாள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

மறுநாள் காலை பதிவு அலுவலகத்தில் எங்கள் டோக்கன் மூன்றாவது. குமரேசன் ஒரு சாட்சி. ஞானம்மா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பதிவாளர் நிதானமாகப் படித்தார். அந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "இது இன்னாம்மா, புதுசா இருக்கு?"

"நடந்தது சார்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கேமரா முன்னால் எங்களை நிற்க வைத்தார்கள். வழக்கமாக எழுதிக் கொடுக்கிறவரிடம் கேட்கிற கேள்வியைப் பதிவாளர் கேட்டார். "படிச்சிப் பாத்தீங்களா? எழுதிக் குடுக்கச் சம்மதமா?"

இந்த அறையில் இத்தனை வருஷமும் எழுதிக் கொடுப்பவருக்குப் பக்கத்தில்தான் நான் நின்றிருக்கிறேன். பயந்துபோய் வாயடைத்து நிற்பவர்களின் காதில், 'சம்மதம்னு சொல்லுங்க' என்று எடுத்துக் கொடுப்பது என் வேலை. அன்றைக்கு நானே எழுதிக் கொடுப்பவள். கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா, ஏரிக்கரை, தலையில் கட்டோடு போகிற ஞானம்மா என்று என்னென்னவோ கண்ணில் வந்து போயின. பதிவாளர் காத்திருந்தார்.

இடுப்பில் ஒரு முழங்கை இடித்தது.

"சம்மதம்னு சொல்லு, ரைட்டரம்மா. பின்னால ஆளுங்கோ நிக்கறாங்கோ."

சொன்னேன்.